ஹாம்ஸ்டருக்கு எவ்வளவு பெரிய கூண்டு வேண்டும்? கடையில் கொடுத்தது போதாது போலிருக்கிறது

வைகைக்கரை
வணக்கம். மதுரையில் இருந்து எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஒரு ஹாம்ஸ்டர் வாங்கினோம். சிரியன் வகை, பொன்னிறம், கையளவு இருக்கிறது. கடைக்காரர் கூடவே ஒரு கம்பிக் கூண்டும் கொடுத்தார். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், மேலே ஒரு பிளாஸ்டிக் மாடி, ஏணி, உள்ளங்கை அளவில் ஒரு சக்கரம். "ஆயுசுக்கும் இதுவே போதும்" என்றார்.

பகலெல்லாம் தூக்கம். ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்பியைக் கடிக்க ஆரம்பித்தால் விடியும்வரை நிற்பதில்லை. ஒரே மூலை, ஒரே கம்பி. மூக்கின் மேல் முடி உதிர்ந்து தோல் தெரிகிறது. பல் வளர்வதால் கடிக்கிறது, மரக்கட்டை போடுங்கள் என்றார்கள். போட்டோம். கட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடியும் கம்பிக்கே போகிறது. கூண்டின் அளவுதான் பிரச்சினையா? அப்படியானால் எந்த அளவில் வாங்குவது?

கன்னப்பை
வணக்கம் அண்ணா. ஆமாம், அளவுதான் முதல் பிரச்சினை. பல் வளர்வது உண்மை. ஆனால் பல்லைத் தேய்ப்பதற்காக மட்டும் என்றால் மரக்கட்டையைக் கடித்திருக்கும். இரவெல்லாம் ஒரே கம்பியைக் கடிப்பது வெளியே போக வழி தேடுவது. மூக்குமுடி உதிர்வதும் அதனால்தான். மூக்கைக் கம்பிக்கு நடுவில் நுழைத்து நுழைத்துத் தேய்கிறது.

உங்கள் கூண்டின் தரை ஒன்றரைச் சதுர அடி. சிரியனுக்கு நான் சொல்லும் குறைந்தபட்சம் ஐந்து சதுர அடிக்குக் கொஞ்சம் மேல், அதாவது 100 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம். இதுவே தாராளம் என்று நினைத்துவிடாதீர்கள், தொடக்கம்தான். நான்கடிக்கு இரண்டடி வைக்க வீட்டில் இடமிருந்தால் அதையே வையுங்கள்.

மாடியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மூன்று மாடி வைத்து "மொத்தம் இத்தனை சதுர அடி" என்று விற்பார்கள். ஹாம்ஸ்டர் தரையில் ஓடுகிற, தரையைத் தோண்டுகிற பிராணி. தடையில்லாமல் ஒரே தளமாக இருக்கிற தரைதான் அதற்கு இடம். கண்பார்வையும் மந்தம், உயரம் தெரியாது, மாடி விளிம்பிலிருந்து அப்படியே காலை எடுத்து வைத்துவிடும். ஓர் அடி உயரத்திலிருந்து விழுந்து கால் உடைந்த ஹாம்ஸ்டரைப் பார்த்திருக்கிறேன். அந்த மாடியை இன்றைக்கே கழற்றிவிடுங்கள்.

அப்புறம் சக்கரம். சிரியனுக்கு 28 செ.மீ. விட்டம் வேண்டும், கிட்டத்தட்ட 11 அங்குலம். ஓடும்போது முதுகு நேராக இருக்க வேண்டும். உள்ளங்கை அளவுச் சக்கரத்தில் ஓடினால் முதுகு வில்லாக வளையும். கம்பிப் படிகள் உள்ள சக்கரம் வேண்டவே வேண்டாம், கால் சிக்கும். ஓடுதளம் மூடியதாக இருக்கட்டும்.

பழைய_மாடப்புறா
எல்லோரும் கோபப்படாமல் படியுங்கள். புறா, லவ் பேர்ட்ஸ், முயல், ஹாம்ஸ்டர் என்று நான் வளர்க்காதது இல்லை. ஹாம்ஸ்டர்களை இரண்டடிக்கு ஓரடித் தொட்டியில்தான் வைத்திருந்தேன். நன்றாகத் தின்றன, குட்டி போட்டன, இரண்டு வருடத்துக்குக் குறையாமல் இருந்தன. இத்தனூண்டு பிராணிக்கு நான்கடி நீளத்தில் வீடு கட்டச் சொல்வது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா? பெரிய இடத்தில் விட்டால் பயந்து ஒரு மூலையில் ஒடுங்குவதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு நம் பிள்ளைகள் அப்படியே சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பேர்ண்_வாசி
வணக்கம். நான் சுவிஸில், பேர்ண் நகரத்தில் இருக்கிறேன். மாடப்புறா ஐயா கேட்டது நியாயமான கேள்வி. இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்திலேயே அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

2007இல் வந்த ஆய்வு. பொன்னிற ஹாம்ஸ்டர்களை நாலு அளவுக் கூடுகளில் தனித்தனியாக வைத்தார்கள்: 1,800, 2,500, 5,000, 10,000 சதுர செ.மீ. எல்லா அளவுகளிலும் கம்பி கடிப்பது இருந்தது. ஆனால் சின்னக் கூடுகளில் இருந்தவை கூடுதலான தடவை, கூடுதலான நேரம் கடித்தன. இன்னொன்றும் கவனித்தார்கள். சின்னக் கூட்டில் இருந்தவை தங்கள் மர வீட்டின் கூரையில் ஏறி இருப்பது அதிகம். தரை போதாமல்தான் கூரையையும் தரையாகப் பாவிக்கின்றன போல என்று எழுதினார்கள்.

வைகைக்கரை அண்ணை, உங்கடை கூட்டைக் கணக்குப் பண்ணிப் பார்த்தேன். ஏறத்தாழ 1,400 சதுர செ.மீ. அந்த ஆய்வில் வைத்த ஆகச் சின்னக் கூட்டையும்விடச் சின்னது.

அதற்கு முதல் 2006இல் இதே இடத்தில் இன்னொரு ஆய்வு செய்தவை. அதில் கூட்டின் அளவை விட்டுவிட்டு, அவை தோண்டுவதற்காகக் கூட்டுத் தரையில் நிரப்புகிற படுக்கையின் ஆழத்தை 10, 40, 80 செ.மீ. என்று மாற்றிப் பார்த்தார்கள். 10 செ.மீ. ஆழத்தில் இருந்தவை கூடுதலாகக் கம்பி கடித்தன, சக்கரத்திலும் கூடுதலாக ஓடின. 80 செ.மீ. ஆழத்தில் கம்பி கடிக்கிறதே காணப்படவில்லை. ஆனபடியால் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது, ஆழத்தையும் பாருங்கோ.

கன்னப்பை சொன்ன 100க்கு 50, ஜேர்மனியில் விலங்கு நலனுக்கான மிருக வைத்தியர் சங்கம் ஆகக் குறைந்தது என்று சொல்கிற அளவு. உயரமும் 50 கேட்கிறார்கள்.

கன்னப்பை
நன்றி பேர்ண் அண்ணா. ஆழத்தைப் பற்றி நானே எழுத வேண்டும் என்றிருந்தேன்.

மாடப்புறா ஐயா, நீங்கள் பார்த்ததை நான் மறுக்கவில்லை. பெரிய தொட்டியில் மூலையில் ஒடுங்கியது உண்மையாகத்தான் இருக்கும். ஆனால் அதற்குக் காரணம் இடம் பெரிதாக இருந்ததா, வெறுமையாக இருந்ததா? இரை பிடிக்கும் பறவைக்கும் நரிக்கும் பயந்து வாழ்ந்த இனம். நான்கடி நீளத்தில் இரண்டு அங்குலம் மரச்சீவல், நடுவில் ஒரு தண்ணீர்க் கிண்ணம் என்று வைத்தால் எந்த ஹாம்ஸ்டரும் ஒடுங்கத்தான் செய்யும். அதே இடத்தில் தேங்காய்ச் சிரட்டை, அட்டைக் குழாய், கவிழ்த்த மண்சட்டி, வைக்கோல் என்று மறைவிலிருந்து மறைவுக்குப் போகும்படி அமைத்துப் பாருங்கள். இரண்டாம் நாளே முழுத் தரையையும் பயன்படுத்தும்.

இரண்டு வருடம் இருந்தது, குட்டி போட்டது என்பதும் சரிதான். ஹாம்ஸ்டரின் ஆயுளே இரண்டு, மூன்று வருடம்தான். சின்ன இடத்திலும் அது உயிரோடு இருக்கும். அந்த இரண்டு வருடத்தின் இரவுகளையும் ஒரு கம்பியைக் கடித்தே கழிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. நம் விருப்பத்துக்காகத்தானே அதை வாங்கிக்கொண்டு வருகிறோம். அதற்கு ஐந்து சதுர அடி ஒதுக்க முடியாத வீட்டில் அதை வளர்க்காமல் இருப்பதே நல்லது.

காட்டில் இவை எப்படி இருக்கின்றன என்று தெரிந்தால் இந்த அளவு பெரிதாகத் தோன்றாது. சிரியாவின் அலெப்போவைச் சுற்றியும் துருக்கியின் தெற்கு எல்லையிலும் வயல்வெளிகளில் வாழ்கிற இனம் இது. 2001இல் வெளிவந்த கள ஆய்வில் அங்கே வளைகளைத் தோண்டி அளந்தார்கள். ஆழம் 36 செ.மீ. முதல் ஒரு மீட்டரையும் தாண்டி இருந்தது. தூங்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை, சிறுநீருக்கு ஒரு கிளை. 1930இல் அலெப்போ பக்கத்து வயல் ஒன்றைத் தோண்டி ஒரு தாயையும் குட்டிகளையும் எடுத்தார்கள். குட்டிகளை ஜெருசலேமுக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்குக் கடைகளில் இருக்கும் சிரியன்கள் அநேகமாக அந்தக் குடும்பத்தின் வழிவந்தவைதான். மதுரையில் இருக்கும் குட்டிக்கும் தோண்டத் தெரியும். தோண்ட எதுவும் இல்லாததால்தான் கம்பியிடம் போகிறது.

ஆரப்பாளையம்_அருண்
அக்கா, ரெண்டு ஹாம்ஸ்டர் சேர்த்து விட்டால் போர் அடிக்காதே? கம்பி கடிப்பதும் நிற்குமே?

கன்னப்பை
வேண்டாம் தம்பி. நான் சொன்ன அந்தக் கள ஆய்வில் எந்த வளையிலும் ஒன்றுக்கு மேல் பெரிய ஹாம்ஸ்டர் இல்லை. சிரியன் தனியாக வாழும் பிராணி. ஒன்றரை, இரண்டு மாதம் ஆனதும் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் ரத்தம் பார்க்கும்வரை சண்டை போடும், ஒன்று செத்தும் போகும். கூண்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இதுதான்.

வைகைக்கரை
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விவரம் கடையில் யாரும் சொல்லவில்லை. மாடியைக் கழற்றிவிட்டேன். இப்போது என் கேள்விகள்: கம்பிக் கூண்டா, கண்ணாடித் தொட்டியா? ஆழமாக நிரப்ப வேண்டுமென்றால் கம்பிக் கூண்டில் எல்லாம் வெளியே கொட்டுமே? ஆனால் கண்ணாடி என்றால் மதுரை வெயிலில் வெந்துவிடாதா?

தெம்பனிஸ்_மாடி
சிங்கப்பூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்க்கிறேன். இங்கே இடம்தான் பெரிய தலைவலி. கண்ணாடித் தொட்டி கனமாக இருக்கிறது என்று பலரும் பெரிய பிளாஸ்டிக் சேமிப்புப் பெட்டியைத்தான் வாங்குவார்கள். மூடியின் நடுப்பகுதியை வெட்டி எடுத்துவிட்டுக் கம்பி வலையை நட்டுபோல்ட் வைத்து முடுக்குவோம். மலிவு, துடைப்பது சுலபம், தூக்கி வைக்கலாம்.

ஆனால் வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். இந்தப் பெட்டிகள் மேலே அகலமாகவும் அடியில் குறுகலாகவும் இருக்கும். பெட்டியில் எழுதியிருப்பது மேல்விளிம்பின் அளவு. டேப் வைத்து அடித்தரையை அளந்துவிட்டு வாங்குங்கள். ஒரு பெட்டி போதாவிட்டால் இரண்டைக் குழாய் வைத்து இணைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நடுவில் குழாய் இருந்தால் அது இரண்டு சின்ன இடம்தான், ஒரு பெரிய இடம் ஆகாது.

கால்நடை_மாணவி
கால்நடை மருத்துவம் இறுதியாண்டு படிக்கிறேன். வெயிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ஹாம்ஸ்டருக்கு 18 முதல் 25 டிகிரி வரை சுகம். 30ஐத் தாண்டினால் சிரமப்படத் தொடங்கும். ஆகவே சித்திரை, வைகாசியில் மதுரையில் கம்பிக் கூண்டானாலும் சரி, கண்ணாடியானாலும் சரி, அறை சூடாக இருந்தால் இரண்டுமே ஆபத்துதான். கண்ணாடிச் சுவர் தானாகச் சூட்டை உண்டாக்காது. நேர் வெயில் பட்டால்தான் உள்ளே அடுப்பு மாதிரி ஆகும். வெயில் படாத இடத்தில், மேல்பக்கம் முழுக்கத் திறந்த வலையாக இருந்தால், கண்ணாடியில் வைக்கலாம்.

செய்ய வேண்டியது அறையைக் குளிர்விப்பது. உச்சிவெயில் நேரத்தில் ஏசி ஓடும் அறையில் வைக்க முடியுமானால் அதுவே நல்லது. முடியாத வீடுகளில் தொட்டிக்குள் ஒரு கிரானைட் துண்டோ டைல்ஸோ வைத்தால் அதன்மேல் வயிற்றை ஒட்டிக்கொண்டு படுக்கும். கவிழ்த்த மண்சட்டிக்குள் குளுமையாக இருக்கும். உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணி சுற்றி வலைமூடியின் ஓர் ஓரத்தில் வைக்கலாம். மின்விசிறிக் காற்று நேராக அதன்மேல் அடிக்க வேண்டாம்.

கைகாலைப் பரப்பிக்கொண்டு துவண்டு கிடந்தால், வாயோரம் எச்சில் வடிந்தால், உடனே நிழலான குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் ஒற்றி எடுத்துக்கொண்டே மருத்துவரிடம் போங்கள். ஐஸ் தண்ணீரில் முக்காதீர்கள், அந்த அதிர்ச்சியிலேயே போய்விடும்.

கன்னப்பை
நான் சென்னையில் கண்ணாடித் தொட்டியில்தான் வைத்திருக்கிறேன். அலங்கார மீன் விற்கும் கடைகளில் அளவு சொன்னால் ஒட்டிக் கொடுப்பார்கள். சென்னையில் கொளத்தூர்ப் பக்கம் இதற்கென்றே வரிசையாகக் கடைகள் உண்டு, மதுரையிலும் செய்பவர்கள் கட்டாயம் இருப்பார்கள். "தண்ணீர் ஊற்றப் போவதில்லை" என்பதைச் சொல்லிவிடுங்கள். மீன் தொட்டிக்குப் போடும் கனமான கண்ணாடி தேவையில்லை, 5 மி.மீ. போதும், விலையும் குறையும். தெம்பனிஸ் நண்பர் சொன்ன பெட்டியும் நல்ல வழிதான். ஆனால் மதுரையில் அந்த அளவுப் பெட்டி கிடைப்பது சிரமம்.

ஆழம் வைக்கும்போது ஒரு சிக்கல் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். தொட்டி ஒன்றரை அடி உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு நிரப்பிவிட்டால் மீதி அரை அடிதான். அதில் 11 அங்குலச் சக்கரத்தை எங்கே வைப்பது? அதனால் சரிவாக நிரப்ப வேண்டும். ஒரு பக்கம் 12 அங்குலம், அங்கிருந்து இறங்கி மறுபக்கம் 3 அங்குலம். தாழ்ந்த பக்கத்தில் சக்கரம், தண்ணீர், மணல் குளியல் (முடியைச் சுத்தம் செய்ய அது புரளும் மணல் கிண்ணம்). உயர்ந்த பக்கம் முழுக்க அதன் வளை. சக்கரம், டைல்ஸ் மாதிரிக் கனமான சாமான் எதையும் படுக்கையின் மேல் சும்மா வைக்கக் கூடாது. அடியில் வளை தோண்டினால் மேலே இருப்பது சரிந்து நசுக்கிவிடும். நான்கு கால் உள்ள சின்னப் பலகையைத் தொட்டியின் தரையில் ஊன்றி அதன்மேல் வையுங்கள்.

என்ன நிரப்புவது என்பதில்தான் நம் ஊரில் அதிகம் தடுமாறுகிறோம். மரப்பட்டறைத் தூள் இலவசமாகக் கிடைக்கும், ஆனால் வேண்டாம். தூசு மூக்கில் ஏறும், எந்த மரம், என்ன மருந்து அடித்தது என்று தெரியாது. பைன், தேவதாரு வாசனைச் சீவலும் மூச்சுக்கு ஆகாது. தேங்காய் நார்த்தூள் நம் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கிறது. காகிதக்கூழில் செய்த படுக்கை கிடைத்தால் வாங்குங்கள். கட்டுபடியாகாவிட்டால், அச்சடிக்காத வெள்ளைத்தாளை நீளநீளமாகக் கிழித்து, நடுநடுவே காய்ந்த வைக்கோலை அடுக்கி, கையால் நன்றாக அமுக்கி நிரப்புங்கள். அமுக்காமல் விட்டால் வளை நிற்காது, சரிந்துகொண்டே இருக்கும். பஞ்சு மட்டும் வைக்காதீர்கள். அந்த இழை காலில் சுற்றிக்கொண்டு ரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும், விழுங்கினால் குடலை அடைக்கும்.

ஏழாம்_மாடி
இவ்வளவு ஆழம் நிரப்பினால் வாரா வாரம் எல்லாவற்றையும் மாற்ற முடியுமா? செலவு தாங்காதே.

கன்னப்பை
மாற்றவே கூடாது! ஆழமாக வைப்பதில் உள்ள பெரிய லாபமே அதுதான். ஹாம்ஸ்டர் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையில் ஒரு கிண்ணத்தில் மணல் வைத்தால் அங்கேயே பழகிக்கொள்ளும், அதை மட்டும் மாற்றினால் போதும். மற்றதில் சில வாரங்களுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு எடுத்துவிட்டுப் புதிது சேருங்கள். முழுவதையும் கழுவித் துடைத்தால் அதன் வாசனை போய்விடும், யாரோ ஒருவர் வீட்டில் இருப்பதாகப் பதறும். சின்னக் கூண்டில்தான் நாலு நாளில் நாறும், அடிக்கடி மாற்ற வேண்டி வரும். வருடக் கணக்கில் பார்த்தால் சின்னக் கூண்டு ஒன்றும் சிக்கனம் இல்லை.

பொள்ளாச்சி_பெண்
என்னிடம் இருப்பது ட்வார்ஃப் என்கிற குள்ள வகை, விண்டர் ஒயிட். சிரியனில் பாதிகூட இல்லை. இதற்கும் இதே அளவா?

கன்னப்பை
தரை இதே அளவுதான் சகோதரி. உடல் சின்னது, ஓட்டம் சின்னதில்லை. ஒரே இரவில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும். சக்கரம் மட்டும் 20 செ.மீ. போதும். கம்பிக் கூண்டு என்றால் கம்பிக்குக் கம்பி இடைவெளியைப் பாருங்கள், சிரியனுக்கு ஒரு செ.மீ. என்றால் இதற்கு அதைவிடக் குறைவாக வேண்டும். தலை நுழைந்தால் உடல் தானாக நுழைந்துவிடும். ட்வார்ஃபுக்கு மணலும் தாராளமாக வையுங்கள்.

பழைய_மாடப்புறா
பேர்ண் தம்பி சொன்ன ஆழக் கணக்கு எனக்குப் புதிது. இரண்டு அங்குலத்துக்கு மேல் யாரும் போட்டு நான் பார்த்ததில்லை. செலவு பற்றிய கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. எல்லோராலும் முடியாது. அதற்காகவே ஒரு யோசனை: பழைய மீன் தொட்டிகள், கசிகிறது என்று தூக்கிப்போடுகிறவை, மீன் கடைகளில் கேட்டால் பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். ஹாம்ஸ்டருக்குக் கசிந்தால் என்ன? விரிசல் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எறும்பு. யாரும் சொல்லவில்லை. ஹாம்ஸ்டர் தானியத்தை வளைக்குள் சேர்த்து வைக்கும், எறும்பு தேடி வரும். தொட்டியை மேசைமேல் வைத்து, மேசைக் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். எறும்புச் சாக்பீஸ் கோடு பக்கத்தில்கூட வேண்டாம், விஷம்.

கன்னப்பை
ஐயா, கசியும் தொட்டி யோசனை அருமை. இதைத் தனியாக எடுத்து முதல் பக்கத்தில் போட வேண்டும்.

வைகைக்கரை
வீட்டில் டேப் வைத்து அளந்தேன். ஹாலில் ஜன்னல் ஓரம் 44 அங்குல நீளம், 20 அங்குல அகலம் இருக்கிறது. மூன்றரைக்கு ஒன்றரை அடித் தொட்டி வைக்கலாம். ஜன்னல் மேற்குப் பக்கம். படுக்கையறைச் சுவரோரமும் இதே அளவு இடம் உண்டு. அங்கே ஏசி இருக்கிறது. மகள் ஹாலில்தான் வேண்டும் என்கிறாள்.

கால்நடை_மாணவி
மேற்கு ஜன்னல் வேண்டவே வேண்டாம் அண்ணா. மாலை வெயில் நேராகக் கண்ணாடியில் விழும். படுக்கையறைச் சுவரோரமே சரி. நல்ல சக்கரம் சத்தம் போடாது, தூக்கம் கெடாது.

கன்னப்பை
மூன்றரைக்கு ஒன்றரை என்றால் 4,900 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக வரும். அகலத்தை ஓர் அங்குலம் கூட்டி 42க்கு 19 என்று சொல்லுங்கள், 5,000ஐத் தாண்டிவிடும், 20 அங்குல இடத்தில் உட்காரவும் செய்யும். உயரம் 20 அங்குலம் கேளுங்கள், அப்போதுதான் சரிவாக நிரப்பி 11 அங்குலச் சக்கரமும் வைக்க முடியும். வெறும் தொட்டியே இருபது கிலோவுக்கு மேல் இருக்கும், மேசை உறுதியாக இருக்கட்டும். மூடிக்கு அலுமினியச் சட்டத்தில் அரை அங்குல வெல்ட் மெஷ். பல்லிக்கும் பூனைக்கும் பயந்து பிளைவுட்டால் மூடிவிடாதீர்கள், காற்று வேண்டும்.

புதிதாக ஒட்டிய சிலிக்கான் சில நாள் புளித்த வாடை அடிக்கும். அது முழுக்கப் போனபிறகே நிரப்புங்கள். மாற்றும் அன்று பழைய கூண்டின் படுக்கையில் இரண்டு கை அள்ளி, அது தூங்கிய கூட்டையும் சேர்த்துப் புதிய தொட்டியில் வைத்துவிட்டு, மாலையில் அது தானாக எழுந்தபிறகு இறக்கி விடுங்கள். முதல் சில நாள் மகளைக் கையில் எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். உட்கார்ந்து பார்க்கட்டும். கடையில் கொடுத்த பழைய கூண்டைத் தூக்கிப்போட வேண்டாம், மருத்துவரிடம் கொண்டுபோக உதவும்.

வைகைக்கரை
42க்கு 19க்கு 20. தல்லாகுளம் பக்கம் ஒரு தொட்டிக் கடையில் பேசிவிட்டேன், சனிக்கிழமை தருவதாகச் சொன்னார். மெஷ் சட்டம் தனியாக ஒரு வெல்டரிடம். சக்கரம் ஆன்லைனில் போட்டிருக்கிறேன், ஓடுதளம் மூடியது, 28 செ.மீ. வைக்கோலுக்குத்தான் ஒரு சந்தேகம்: நெல் வைக்கோல் போடலாமா? கோதுமை வைக்கோல் இங்கே கிடைப்பதில்லை.

கன்னப்பை
போடலாம். பூச்சிமருந்து அடிக்காத வயலுடையதாக, பூஞ்சை இல்லாமல் மொரமொரவென்று காய்ந்ததாக இருக்க வேண்டும். நெல் உதிர்ந்தபிறகு நிற்கும் கூரான நுனிகளைக் கத்தரித்துவிடுங்கள், அது தீனியை அடக்கிக்கொள்ளும் கன்னப்பையில் குத்தும். ஒருநாள் நல்ல வெயிலில் காயவைத்து, உதறிவிட்டுப் போடுங்கள்.